வேலியிலேயே இருக்கட்டும் பச்சோந்தி

கைத்தொலைபேசி இல்லாத வீடு இப்போது நமது ஊரில் குறைவு. அதில் வரும் காணொளிகளில் பிள்ளைகளை அதிகம் கவர்பவற்றுள் ஒன்று பச்சோந்தி. நீலமும் சிவப்பும் மஞ்சளும் குழைத்துப் பூசியது போன்ற ஒரு பிராணி, யாரோ ஒருவரின் விரலைப் பற்றிக்கொண்டு மெதுவாக நடக்கிறது. ஒரு கண் முன்னே பார்க்க, மற்றக் கண் பின்னே பார்க்கிறது. திடீரென்று நாக்கு பாய்ந்து பூச்சியைப் பிடிக்கிறது. பார்த்து முடிந்ததும் பிள்ளை கேட்கிறது: "உம்மா, இப்படி ஒன்றை நாமும் வளர்ப்போமா? முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்குமா?"

"உனக்கு வேற வேல இல்லையா?" என்று ஒரு வார்த்தையில் அந்தக் கேள்வியை மூடிவிடலாம். ஆனால் அது மூடப்பட வேண்டிய கேள்வி அல்ல. அழகான ஒரு படைப்பை அருகில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவது தவறும் அல்ல. வளர்க்கலாமா என்பதற்கு என்னுடைய பதில் 'வேண்டாம்' என்பதுதான். ஏன் வேண்டாம் என்பதையும், வேண்டாம் என்று சொன்ன பிறகு அந்தப் பிள்ளையின் ஆர்வத்துக்கு நாம் என்ன கொடுக்கப் போகிறோம் என்பதையும் மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்து யோசிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். நமது வளவுகளில் வேலியிலும் முருங்கை மரத்திலும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பது ஓணான். அதன் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் கழுத்தும் தலையும் சிவந்து நிற்கும். அது இரத்தம் உறிஞ்சுகிறது என்று சிறுவர்கள் சொல்வது வெறும் கதை. உடம்பெல்லாம் இளம் பச்சையாகவும் வால் மிக நீளமாகவும் உள்ள இன்னொரு வகையைப் பலர் பச்சோந்தி என்கிறார்கள். அதுவும் ஓணான் இனம்தான். உண்மையான பச்சோந்தி வேறு. அதன் உடம்பு இலைபோல இரு பக்கமும் தட்டையாக இருக்கும். விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து குறடுபோலக் கிளையைப் பற்றும். வால் சுருளும். கண்கள் தனித்தனியாகச் சுழலும். நாக்கு, வாலைச் சேர்க்காத உடம்பின் நீளத்தைவிட நீளமாகப் பாயும். உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறையப் பாதி மடகஸ்கார் தீவில் வாழ்கின்றன. இலங்கையில் உள்ளது ஒரே ஓர் இனம். இந்தியாவிலும் வாழும் அந்த இனத்தின் விஞ்ஞானப் பெயரிலேயே 'செலானிக்கஸ்' என்று இலங்கையின் பெயர் இருக்கிறது. உலர் வலயக் காடுகளிலும் பற்றைகளிலும் வாழும் அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. இருப்பது குறைவு என்பது ஒரு காரணம்; இலைக்குள் இலையாக இருப்பது மற்றக் காரணம்.

காணொளியில் வரும் வண்ணப் பச்சோந்திகள் நமது நாட்டவை அல்ல. நீலமும் சிவப்புமாக மின்னுவது பெரும்பாலும் மடகஸ்காரின் சிறுத்தைப் பச்சோந்தி. தலையில் முக்காடு போட்டதுபோல உயர்ந்த கொண்டையுள்ளது யெமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கையும் சேர்ந்த யெமன் பச்சோந்தி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீடுகளில் வளர்த்து, இனம் பெருக்கி விற்கப்படுபவற்றில் இவை இரண்டும் முக்கியமானவை.

இனி, அந்த நிறத்துக்கு வருவோம். நம்மில் பலர் நினைப்பதுபோலப் பச்சோந்தி தான் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நிறத்துக்கெல்லாம் மாறுவதில்லை. சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகவும், கட்டம் போட்ட சாரத்தில் வைத்தால் கட்டம் கட்டமாகவும் அது மாறாது. 2015ஆம் ஆண்டில் ஜெனீவாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சிறுத்தைப் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்தார்கள். தோலின் கலங்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதையும், அந்தப் படிகங்களுக்கு இடையிலான தூரம் மாறும்போது வெளியே தெரியும் நிறம் மாறுவதையும் கண்டார்கள். அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருக்கும். அப்போது தெறிக்கும் நீல ஒளி தோலிலுள்ள மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். எதிரி ஆணைக் கண்டோ பெண்ணைக் கண்டோ கிளர்ச்சி அடையும்போது படிகங்கள் விலகும். மஞ்சளும் சிவப்பும் எழும். வெயில் குறைந்த காலையில் உடம்பைச் சூடாக்கவும் பச்சோந்தி நிறம் கறுக்கும்.

ஆகவே பச்சோந்தியின் நிறம் நமக்காகப் போட்ட அலங்காரம் அல்ல. அது அதன் பேச்சு. 'இது என் கிளை, விலகிப் போ' என்பதையும், 'நான் வயிற்றில் முட்டையோடு இருக்கிறேன், கிட்ட வராதே' என்பதையும் அது நிறத்தால் சொல்கிறது. யெமன் பச்சோந்தியின் பெண், கருவுற்றதும் கரும்பச்சையில் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிகள் போட்டு நிற்பது இந்தக் கடைசிச் செய்திக்காகத்தான். பச்சோந்தி தனித்து வாழும் பிராணி. இரண்டை ஒரே கூண்டில் அடைத்தால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும் நெருக்கடியில் அவை வாடும். கூண்டுக்கு வெளியே நின்று நாம் "எவ்வளவு அழகு!" என்று படம் பிடிக்கும் நேரத்தில் அது பயத்தையோ கோபத்தையோ வெளியிட்டுக்கொண்டிருக்கலாம். அதன் மொழி தெரியாத நாம் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொள்கிறோம்.

வளர்ப்பதும் காணொளியில் தெரிவதுபோல இலகுவான காரியம் அல்ல. பச்சோந்தி கிண்ணத்தில் வைக்கும் தண்ணீரைப் பெரும்பாலும் தண்ணீர் என்றே அறியாது. இலைகளில் துளி துளியாக விழுவதைத்தான் நக்கிக் குடிக்கும். அசையும் பூச்சியைத்தான் பிடிக்கும். கல்சியமும் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிரும் போதாவிட்டால் எலும்பு மெலிந்து, கால் வளைந்து, தாடை மென்மையாகி மெல்ல மெல்ல இறந்துபோகும். "நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?" என்று கேட்கலாம். கண்ணாடி அந்தக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்; கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுபோய் வெயிலில் வைத்தாலோ அது சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும்.

குஞ்சு பொரிக்க வைப்பது அதைவிடக் கடினம். கோழியைப் போலவே யெமன் பச்சோந்தியின் பெண்ணும் ஆண் இல்லாமலேயே முட்டையிடும். முட்டையிட அது ஈர மண்ணைத் தோண்ட வேண்டும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டைகளை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு இறந்துவிடக்கூடும். ஒரு தடவையில் 20க்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். பொரிக்க ஆறு மாதங்களுக்கு மேல் ஆகும். அத்தனை குஞ்சுகளுக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய பூச்சிகளை நாள் தவறாமல் தேடிக் கொடுக்க வேண்டும். வளர வளர ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு வேண்டும். இவ்வளவு செய்தாலும் அது மனிதரோடு ஒட்டிப் பழகும் பிராணி அல்ல. பூனைபோல மடியில் வந்து படுக்காது. தூக்கினால் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாடுகளில் அனுபவம் உள்ளவர்கள் பல தலைமுறைகளாகப் பச்சோந்திகளை இனம் பெருக்கி வருகிறார்கள். வீட்டில் பிறந்தது விற்பனைக்கு இருந்தால் காட்டிலிருந்து பிடிப்பது குறையும் என்பது அவர்களின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஆசை பரவும் வேகத்துக்குப் பொறுமை பரவுவதில்லை. 2021ஆம் ஆண்டு ஜனவரியில் ஒஸ்திரியாவின் வியன்னா விமான நிலையத்தில் ஒருவரின் பயணப் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தபோது, காலுறைகளுக்குள்ளும் வெற்று ஐஸ்கிறீம் பெட்டிகளுக்குள்ளும் அடைக்கப்பட்ட 74 பச்சோந்திகள் இருந்தன. தன்சானியாவிலிருந்து கடத்தி வரப்பட்டவை. வீட்டு வளர்ப்பு இவ்வளவு பெருகியிருக்கும் ஐரோப்பாவிலேயே இது நடக்கிறது என்றால், அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

வளர்த்துச் சலித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? வெளியே விட்டுவிடுகிறார்கள். 1972ஆம் ஆண்டில் கென்யாவிலிருந்து ஹவாய்த் தீவுக்கு விற்பனைக்காகக் கொண்டுவரப்பட்ட மூன்று கொம்புப் பச்சோந்திகள் சில, ஒரு வீட்டு வளவில் விடப்பட்டன. இன்று அவற்றின் சந்ததி அங்கே பல தீவுகளில் பரவியிருக்கிறது. அவற்றின் வயிற்றில் ஹவாய்க்கு மட்டுமே உரிய, ஏற்கெனவே அருகிவரும் மரநத்தைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். அந்தப் பச்சோந்தியின் மீது குற்றமில்லை. அது பசித்தது, தின்றது. கொண்டுவந்து விட்டவர்கள்தான் கணக்குச் சொல்ல வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையைப் பழமொழியாகச் சொல்லிச் சிரிக்கிறோம். அங்கே ஒரு தேசமே அதை அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

இது எங்கோ நடக்கும் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. இலங்கையின் மலைக்காடுகளில் மட்டுமே வாழும் கொம்பு ஓணான்களும் வேறு அரிய ஓணான்களும் களவாக ஐரோப்பாவின் செல்லப்பிராணிச் சந்தைக்குப் போயிருக்கின்றன. அதனால்தான் 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் இலங்கையின் கோரிக்கைப்படி அவற்றில் பல இனங்கள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன. அந்த மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பின் இடம் மாற்றப்பட்டது. நமது பச்சோந்தி இனம் 1977 முதலே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

நமக்குத் தெற்கே பாணமைக்கு அப்பால் குமணை; அதற்கும் அப்பால் யால. அந்த யால வனத்தில் 2020ஆம் ஆண்டு மே மாதம், வெளிநாட்டுத் தந்தையும் மகனும் நூற்றுக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகளையும் வேறு பூச்சிகளையும் பிடித்துக் குப்பிகளில் அடைத்து வைத்திருந்தபோது பிடிபட்டார்கள். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவர்களுக்கு 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. அறுகம் குடாவுக்கு உலகமெங்கும் இருந்து மனிதர்கள் வருகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அலையில் சறுக்கி மகிழ்ந்து போகிறவர்கள். ஆனால் "தம்பி, இப்படியொரு பிராணியைக் கண்டால் பிடித்துக் கொண்டுவா, காசு தருகிறேன்" என்று எவராவது கேட்டால் நமது பிள்ளைகளிடம் தயாரான பதில் இருக்க வேண்டும். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பச்சோந்தியைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் விற்பதையும் குற்றமாக்குகின்றன. வெளிநாட்டிலிருந்து விலங்கைக் கொண்டுவரவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். காயப்பட்ட ஒரு பிராணியைக் கண்டால் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.

சட்டத்துக்கு மேலாக நமக்கு ஒரு வழிகாட்டல் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள், அனஸ் (ரழி) அவர்களின் தம்பியாகிய சிறுவன் அபூ உமைர் வளர்த்த குருவியைப் பற்றி அவனிடம் அன்போடு விசாரித்தார்கள். பிராணியை வளர்ப்பது கூடும் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரம் காட்டுகிறார்கள். அதே நபியவர்கள்தான், பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணின் தண்டனையையும் சொன்னார்கள். தாய்ப்பறவை துடிப்பதைக் கண்டு, எடுத்துவந்த குஞ்சுகளைத் திருப்பிவிடச் சொன்னார்கள். வளர்க்கலாம் என்ற அனுமதியோடு பராமரிக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தே வருகிறது. இலையிலிருந்து சொட்டும் துளியையும் கூண்டுக்குள் கிடைக்காத தனிமையையும் நம்மால் கொடுக்க முடியாது என்றால், அந்தக் கடமையை ஏற்காமல் இருப்பதுதான் நேர்மை.

இங்கே இன்னொன்றையும் பேச வேண்டியிருக்கிறது. ஓணானைக் கண்டால் கல்லெறியும் பழக்கம் நமது சிறுவர்களிடம் இருக்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்கள் எறியப்பட்ட நெருப்பை ஊதியது இதுதான் என்று சொல்லி எறிகிறார்கள். அந்த ஹதீஸில் வரும் சொல் 'வஸக்'; அது பல்லி இனத்தைக் குறிப்பது. பச்சோந்திக்கு அரபியில் 'ஹிர்பா' என்று தனிப் பெயரே உண்டு. எகிப்தின் அறிஞர் இமாம் தமீரீ, விலங்குகளைப் பற்றி எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்' என்ற பெருநூலில் அதற்குத் தனிப் பகுதி எழுதியிருக்கிறார். சூரியன் திரும்பும் திசைக்கெல்லாம் முகம் திருப்பும் பிராணி என்று அரபிகள் அதைக் கவனித்து வைத்திருந்தார்கள். ஓணான் மீது கல்லெடுக்கும் முன் நமது ஆலிம்களிடம் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது. ஒரு பக்கம் கல், மறு பக்கம் கூண்டு என்ற இரண்டைத் தவிர அந்தப் பிராணிக்கு நம்மிடம் வேறெதுவும் இல்லையா?

தமிழும் அதற்கு நியாயம் செய்யவில்லை. கட்சி மாறுபவரைப் பச்சோந்தி என்கிறோம். ஆனால் தன் மனநிலையை மறைக்காமல் தோலிலேயே காட்டிவிடும் பிராணி அது. உள்ளொன்றும் புறமொன்றுமாக இருப்பவருக்கு அதன் பெயர் பொருந்தவே பொருந்தாது. சங்க காலத்தில் அள்ளூர் நன்முல்லையார் என்ற பெண் புலவர், காதலன் பிரிந்து போன பாலை வழியில் முதிய ஆண் ஓந்தி ஒன்று கிடப்பதையும், வழிப்போக்கர்கள் அதைப் பார்த்துச் சகுனம் கொள்வதையும் குறுந்தொகையில் பாடியிருக்கிறார். அந்தப் பெண் ஓந்தியைப் பிடித்து அடைக்கவில்லை, கவனித்தார். கவனித்ததால் அது இன்றும் பாட்டில் இருக்கிறது.

பெற்றோரிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான். ஆண் பிள்ளை களப்புக்கும் காட்டோரத்துக்கும் போய் எல்லாவற்றையும் பார்த்து வருகிறான். பெண் பிள்ளை வீட்டுக்குள் இருந்து கைத்தொலைபேசியில் பார்க்கிறாள். அதனால்தான் அவளுக்கு அந்தப் பிராணி வீட்டுக்குள்ளேயே வர வேண்டியிருக்கிறது. கூண்டு கேட்கும் மகள் உண்மையில் கேட்பது கூண்டையல்ல, பார்க்க ஒரு வழியை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி கொட்டுக்கல் களப்பின் கண்டல் மரங்களையும், லாகுகலைக் குளத்துக்கு வரும் யானைகளையும் புத்தகப் படத்தில் மட்டும் பார்ப்பது என்ன நியாயம்? ஒரு விடுமுறை நாளில் வாப்பாவோ காக்காவோ ராத்தாவோ அவளைக் கூட்டிப் போகலாம். கூண்டுக்கும் விளக்குக்கும் ஆகும் செலவில் ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுக்கலாம்.

மாணவிகளுக்கு நான் சொல்வது இன்னும் எளிது. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் வளவு வேலியில் இருக்கும் ஓணானை ஒரு மாதம் கவனியுங்கள். எத்தனை மணிக்கு வெயில் காய வருகிறது, எப்போது கழுத்துச் சிவக்கிறது, எதைத் தின்கிறது, மழை வந்தால் எங்கே ஒதுங்குகிறது என்று திகதியோடு எழுதுங்கள். கல்லூரியில் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குழு. அடுத்த ஆண்டு இந்த மலரில் அந்தக் குறிப்புகள் ஒரு கட்டுரையாக வரலாம். நமது ஊர் வேலிகளின் ஓணான்களைப் பற்றி நமது பெண் பிள்ளைகள் எழுதிய கட்டுரையைவிட எந்தக் காணொளி பெரியது?

'ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி' என்பார்கள். கிளுவை வேலிகள் போய் மதில்கள் எழும் காலம் இது. வளவின் ஒரு பக்கத்திலாவது பச்சை வேலியை விட்டுவையுங்கள். ஓணான் தானாகவே வரும்.